கொடியின் மேல்வரிசை

அந்த ஆண்டு சுதந்திர தினத்தை ஒட்டி நடந்தவை, நடந்த வரிசையிலேயே:

1. எங்கள் பள்ளி ஆசிரியைகள் மூன்று வரிசையாக நின்று தேசியக் கொடி ஆவது என்று முடிவானது.
2. அத்தைக்கு முதலில் வெள்ளை என்றார்கள். பிறகு காவி என்றார்கள்.
3. அத்தை அன்றைக்கு லீவு என்று சொல்லிவிட்டாள்.
4. அம்மா ஆடித் தள்ளுபடியில் ஒரு புடவை எடுத்தாள்.
5. நான் பெரியப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டேன்.
6. ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டார்கள்.
7. கொடி சரியாக வந்தது.

அப்போது என்னைக் கேட்டிருந்தால் ஏழாவது மட்டும்தான் முக்கியம் என்று சொல்லியிருப்பேன். மற்ற ஆறும் அதற்கு வந்த இடைஞ்சல்கள்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். பள்ளி நீடாமங்கலத்தில், மொட்டை மாடியோடு கூடிய ஒரு கட்டடமும் முன்னால் ஒரு மைதானமும் கொண்ட சிறிய மெட்ரிகுலேஷன் பள்ளி. எங்கள் ஊர் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், வயல்களுக்கு நடுவில். அப்பாவின் தங்கை, என் அத்தை, அதே பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மேல் கணக்கு எடுத்தாள். வீட்டில் அத்தை, பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டினால் மிஸ். இரண்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில் நான் கண்டிப்பாக இருந்தேன்.

மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கொஞ்ச நாள் அறைக்குள்ளேயே இருந்தாள். பிறகு ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினாள். என்னையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டாள்.

அத்தை கட்டியவை நான்கே நிறங்கள்: சந்தனம், சாம்பல், வெளிர் நீலம், துவைத்துத் துவைத்து என்ன நிறம் என்றே சொல்ல முடியாத ஒரு பழுப்பு. இவை அத்தைக்குப் பிடித்த நிறங்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவளுடைய பிறந்தநாளுக்குக் கைக்குட்டை வாங்கப் போனபோது கடைக்காரர் ரோஸ் நிறத்தில் பூப்போட்டது ஒன்றை எடுத்துக் காட்டினார். எங்கள் அத்தைக்கு அதெல்லாம் பிடிக்காது என்று சொல்லி, சாம்பல் நிறத்தில் தேடி எடுத்தேன். ஒருவருடைய ரசனையை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அத்தை எப்படி உடுத்தினாள் என்பது எனக்கு நினைவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். திருவாரூருக்குக் கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில், பஸ் ஸ்டாண்டில் மற்றப் பெண்கள் அத்தையின் ரவிக்கைக் கழுத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு போய்த் தங்கள் தையல்காரரிடம் கையால் வரைந்து காட்டுவார்களாம். அம்மா இதைச் சொல்லும்போது அத்தை எழுந்து போய்விடுவாள்.

பள்ளி விட்டதும் அத்தைக்காக நான் ஆசிரியைகள் அறையில் காத்திருப்பது வழக்கம். அதனால் கொடியின் நிறங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்த அன்று அங்கே இருந்தேன். பிரின்சிபால் மேடத்துக்கு எங்கேயோ பார்த்த ஒரு படத்திலிருந்து அந்த யோசனை வந்திருந்தது. காவிப் புடவையில் ஒரு வரிசை, வெள்ளையில் ஒரு வரிசை, பச்சையில் ஒரு வரிசை. மாடியிலிருந்து போட்டோ எடுத்தால் விரித்துப் போட்ட கொடி. அவர் ஒவ்வொருவராகக் கை காட்டிக்கொண்டே வந்தார். நீங்க காவி, நீங்க பச்சை, நீங்களும் பச்சை. அத்தையிடம் வந்தபோது கை கொஞ்சம் தாழ்ந்தது.

"நீங்க வெள்ளையில நின்னுக்குங்க மிஸ். உங்களுக்குச் சிரமம் இருக்காது."

அத்தை தலையாட்டினாள். நானும் மனதுக்குள் தலையாட்டினேன். வீட்டில் இருக்கும் சந்தன நிறப் புடவையே தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளை மாதிரிதான் இருக்கும். புதிதாக எடுக்க வேண்டியதில்லை. உண்மையிலேயே சிரமம் இல்லை.

அப்போதுதான் தமிழ் மிஸ் பேசினார். எங்கள் பள்ளியில் அலங்காரம் என்றால் தமிழ் மிஸ்தான். வளையலும் கம்மலும் செருப்பும் புடவைக்குப் பொருத்தமாக இருக்கும். திங்கட்கிழமை அவர் என்ன கட்டிக்கொண்டு வருவார் என்று பெரிய வகுப்புப் பெண்கள் பந்தயம் கட்டுவார்கள். அவருக்குக் காவி கிடைத்திருந்தது. கிடைத்த உடனேயே அதற்கு எந்தக் கம்மல் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவும் தொடங்கியிருந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. மாடியிலேருந்து பாத்தா கடைசி வரிசைதான மேல தெரியும்? அப்ப காவி கடைசியில நிக்கணும். கடைசியில குட்டையானவங்க நின்னா முன்னாடி நிக்கிறவங்க தலை மறைச்சிடும். பாதிக் காவி காணாமப் போயிடும்."

"அதுக்கு என்னங்க பண்ணலாம்?" என்றார் மேடம்.

"பிரேயர்ல புள்ளைங்கள நிக்க வைக்கிற மாதிரிதான். உயர வரிசை. உசரமானவங்க பின்னாடி." தமிழ் மிஸ் அத்தையின் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் அந்தத் திசையில் நீட்டினார். "நம்மள்லயே கணக்கு மிஸ்தான் உசரம்."

டீ டம்ளரை யாரோ மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது. ஜன்னலோரம் இருந்த ஒரு மிஸ் மெல்லிய குரலில், "அவங்களுக்குப் போயி காவி..." என்று தொடங்கி அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"காவிக்கு என்ன? கொடியில இருக்குற கலருதான?" என்றார் தமிழ் மிஸ். "நான் வெள்ளைக்கு வந்துடுறேன் மேடம். நான் நடுத்தரம்." இதைச் சொல்லும்போது அவர் ஏனோ லேசாக முழங்காலை மடக்கி நின்றதுபோல் இருந்தது.

மேடம் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, உயர வரிசையே இருக்கட்டும்" என்றார்.

எனக்கு அந்த வாதம் மிகவும் பிடித்துவிட்டது. பென்சில் பாக்ஸை நிமிர்த்திப் பின்னால் வைத்து, பசை டப்பாவை நடுவில் வைத்து, அழிப்பானை முன்னால் வைத்து, நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தேன். மூன்றும் தெரிந்தன. அழிப்பானைப் பின்னால் வைத்தேன். காணாமல் போனது. உலகத்தில் யாரும் மறுக்க முடியாத ஒரு விஷயத்தை நேரில் பார்த்த நிறைவோடு கீழே இறங்கினேன். அத்தை பையை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே வாசலுக்குப் போயிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னாள்: "அண்ணி, பதினஞ்சாம் தேதி நான் லீவு."

அம்மா மிக்சியை நிறுத்தினாள். "கொடி ஏத்துற அன்னைக்கா? ஏன்?"

"தலைவலியா இருக்கும்போலருக்கு."

"இன்னும் நாள் இருக்கே அத்தை, அதுக்குள்ள சரியாயிடும்" என்றேன். அத்தை சிரிக்கவில்லை. அவள் அறைக்குப் போன பிறகு நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் பாக்ஸ், பசை டப்பா, அழிப்பான் மூன்றையும் அம்மியின்மேல் வைத்தும் காட்டினேன். அத்தை இல்லாவிட்டால் மேல்வரிசையில் ஒரு இடம் காலியாக இருக்கும். இந்தியக் கொடியில் ஓட்டை விழும். அது போட்டோவில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். இந்த விஷயத்தின் தீவிரத்தை அம்மா சரியாகப் புரிந்துகொண்டாள் என்றே நினைத்தேன். ஏனென்றால் அவள் கையில் தேங்காய்த் துருவலை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள்.

இரவு சாப்பாட்டின்போது அப்பாவுக்கு விஷயம் போனது. அப்பாவுக்கு அந்த மாதத்தில் எந்தப் பேச்சும் வாய்க்காலில் போய்த்தான் முடியும். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, எங்கள் வாய்க்காலில் ஏறவில்லை, குறுவைப் பயிர் காய்கிறது. அம்மா சொல்லி முடிக்கும்வரை ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எனக்கு என்ன, கட்டட்டும். அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா நல்லது."

"நீங்க கேளுங்களேன்."

"கேக்கலாம்" என்றார் அப்பா. பிறகு வாய்க்காலைப் பற்றிப் பேசினார்.

அம்மா காத்திருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே எனக்குப் பாவாடைத் துணி எடுக்க வேண்டும் என்று சொல்லி, அத்தையையும் மன்னார்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கும் துணி தேவைப்பட்டது உண்மைதான். பிள்ளைகளுக்கு மூவர்ண உடை அலங்காரப் போட்டி இருந்தது. என் திட்டம் முழுதாகத் தயாராக இருந்தது. பச்சைப் பாவாடை. வெள்ளைச் சட்டை. தோளில் காவித் துப்பட்டா. இரட்டைச் சடையில் ஒன்றுக்குக் காவி ரிப்பன், மற்றதற்குப் பச்சை. வெள்ளைக்கு மூன்றாவது சடை போட முடியாதே என்று நான் கவலைப்பட்டபோது, நடுவகிட்டை வெள்ளையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று வழி சொன்னவள் அத்தைதான். நகங்களுக்கு மருதாணி, ஒயிட்னர், பச்சை ஸ்கெட்ச் பேனா.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் கடைக்குள் நுழைவதே பெரும்பாடாக இருந்தது. என் துணியை முடித்துவிட்டு அம்மா புடவைப் பக்கம் போனாள்.

"யாருக்குக்கா பாக்கணும்?" என்று கேட்டார் மீசை நரைத்த ஒரு விற்பனையாளர்.

அம்மா அலமாரியைப் பார்த்தாள். அத்தை கீழே பார்த்தாள். யாருமே பதில் சொல்லாததால் நான் சொன்னேன்: "அத்தைக்கு. காவியில. ரொம்ப ஆரஞ்சா இருக்கக் கூடாது."

"கட்சிப் புடவையா பாப்பா?"

"இல்ல. இந்தியா."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் உதறி உதறி நான்கைந்து புடவைகளை விரித்துப் போட்டார். அம்மா ஒவ்வொன்றாகத் தன் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். அம்மா குட்டை. எதுவுமே எடுபடவில்லை.

"நீங்க கொஞ்சம் கிட்ட வாங்கக்கா," என்றார் அவர் அத்தையைப் பார்த்து. "உசரமானவங்க மேல போட்டாத்தான் துணி விழுற அழகு தெரியும்."

அத்தை ஒரு அடி வந்தாள். அவர் முந்தானையை அத்தையின் தோளில் போட்டுவிட்டு ஒதுங்கினார். அம்மா திடீரென்று என் சட்டையில் ஏதோ ஒட்டியிருப்பதாகச் சொல்லி என் பக்கம் குனிந்தாள். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. நான் அம்மாவின் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அத்தை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் மடிப்பு ஒன்றைச் சரிசெய்தாள். தலையைச் சற்றுச் சாய்த்தாள்.

"பார்டர் கொஞ்சம் அகலமா இருக்கு அண்ணி."

"சின்ன பார்டரா எடுங்க," என்றாள் அம்மா உடனே, நிமிராமலே.

அத்தைக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் குறை சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அம்மாவின் முகம் என்னவோ பரிசு விழுந்தவளின் முகம்போல் இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அத்தை அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். வழியில் ஒரு தரம், "புடவை இருக்கட்டும் அண்ணி. ஆனா லீவு லீவுதான்" என்றாள்.

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று நானே பெரியப்பாவிடம் போனேன். அப்பாவின் அண்ணன், பக்கத்து வீடு. குடும்பத்தில் கல்யாணம் காதுகுத்து எதுவானாலும் கடைசி வார்த்தை அவருடையது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் ஒவ்வொரு வருடமும் கொடி ஏற்றுபவர் அவர்தான் என்பது. கதர்ச் சட்டைக்கு அவரே கஞ்சி போடுவார், அவரே இஸ்திரி போடுவார். பெரியம்மாவைத் தொட விடமாட்டார். கொடி விஷயத்தில் கேட்க வேண்டிய ஆள் அவர்தானே.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளுக்குக் கொடுக்க வாங்கிய காகிதக் கொடிகளில் குண்டூசி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, கொடியில மேல என்ன கலரு?"

"அதுகூடத் தெரியாமத்தான் அவ்வளவு ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்கிறானா உங்கப்பன்? காவி."

"அது எதுக்கு?"

"தியாகத்துக்கு. தைரியத்துக்கு."

"அதுல ஏதாவது தப்பு இருக்கா?"

"கொடியில என்ன தப்பு இருக்க முடியும்?" அவர் குரலில் லேசாகக் கோபம்கூட வந்துவிட்டது.

"அப்ப அத்தை காவி கட்டிக்கிட்டு நின்னா தப்பு இல்லைல்ல? அத்தை உசரம் பெரியப்பா. அத்தை வரலன்னா ஓட்டை விழுந்துடும்."

"எதுல?"

"கொடியில."

பெரியப்பா கையிலிருந்த காகிதக் கொடியைப் பெட்டிக்குள் வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் வைத்தார். உள்ளேயிருந்து பெரியம்மா, "என்னவாம் புள்ளைக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, கொடியப் பத்திக் கேக்குது," என்றார். பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "யாரு சொல்லி அனுப்புனா ஒன்ன?"

"யாரும் இல்லையே."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "போயிப் படி" என்றார்.

நடந்ததை அப்படியே வீட்டில் ஒப்பித்தேன். "வேற ஏதாவது சொன்னாங்களா?" என்று அப்பா இரண்டு தரம் கேட்டார். போய்ப் படி என்றதைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றேன். அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. அந்தக் கேள்வியை மறுபடி கேட்கும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

பதினைந்தாம் தேதி காலை அம்மா எனக்குச் சடை பின்னினாள். வழக்கமாக அத்தை பின்னுவாள். அறைக்கதவு சாத்தியிருந்தது. ஒயிட்னர் நகத்தில் நிற்காமல் செதில் செதிலாக உதிர்ந்தது. பச்சை ஸ்கெட்ச் வெள்ளைச் சட்டையில் ஒரு கோடு இழுத்துவிட்டது. நான் அழத் தயாராகிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

அத்தை காவியில் நின்றாள். நெஞ்சிலிருந்து கால்வரை மடிப்பு ஒரு கோடுபோல் இறங்கியது. முந்தானை ஒற்றை ஊசியில் நின்றது. ரவிக்கையின் கழுத்தைச் சுற்றி, கவனித்தால் மட்டுமே தெரிகிற அளவுக்கு, மெல்லிய பச்சை நூல் கரை. அந்த ரவிக்கையை எப்போது தைக்கக் கொடுத்தாள், யாரிடம் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் கேட்கவில்லை. பாலைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை.

"தலைவலி இல்லையா அத்தை?" என்றேன்.

"வண்டியில ஏறு. நேரமாச்சு."

வயல்களுக்கு நடுவில் போகும்வரை ஒன்றும் இல்லை. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். நீடாமங்கலம் கேட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போட்டால் போட்டதுதான். அன்றைக்கு நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தது, இஞ்சின் மாற்றுகிறார்கள். நாங்கள் முன்வரிசையில் நின்றோம். சற்று நேரத்தில் எங்களைச் சுற்றி ஒரு ஊர் சேர்ந்துவிட்டது. பால்காரர், டிராக்டர், இரண்டு ஸ்கூல் வேன், எங்கள் ஊர் வழியாக வரும் டவுன் பஸ்.

நிற்கிற கூட்டத்துக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை. பார்த்தார்கள். முதலில் நான் என்னுடைய உடையைத்தான் பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பஸ் ஜன்னலிலிருந்து எங்கள் தெருப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, உள்ளே திரும்பி என்னவோ சொன்னாள். அடுத்த ஜன்னலில் இரண்டு தலைகள் வந்தன. அத்தை ஸ்கூட்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்து இன்னொரு தோளையும் மூடிக்கொண்டாள்.

"திரும்பிடலாமா?" என்றாள். என்னிடம் கேட்டமாதிரி இல்லை.

நான் பின்னால் பார்த்தேன். "முடியாது அத்தை. பின்னாடி பஸ் நிக்குது."

அப்போது ஒரு மொபெட் இடுக்கில் நுழைந்து எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. கஞ்சி போட்ட கதர்ச் சட்டை. பெரியப்பா. கொடியேற்றத்துக்கு மாலை வாங்க டவுனுக்குக் கிளம்பியிருந்தார். அத்தை அவரைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டாள். அவர் எங்களைப் பார்க்காமல் ரயிலைப் பார்த்தார். ஒரு பெட்டி, அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி என்று எண்ணுபவர்போல் பார்த்துக்கொண்டே இருந்தார். காகிதக் கொடி ஒன்று சட்டைப் பையில் விறைப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது.

"உங்க ஸ்கூல்ல எத்தன மணிக்குக் கொடி?"

"எட்டரைக்குண்ணே." அத்தையின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"போயிடலாம். இஞ்சின மாட்டிட்டான்."

மறுபடி ரயில். பிறகு அவர் திரும்பி அத்தையை நேராகப் பார்த்தார்.

"கொடி குத்தலையா?"

பெரியப்பா பையிலிருந்து ஒரு கொடியை எடுத்து என்னிடம் நீட்டினார். "அத்தைக்குக் குத்திவிடு. எடது பக்கமா. பாத்துக் குத்து, புதுப் புடவை."

பிறகு பஸ்ஸின் பக்கம் தலையை உயர்த்தினார். ரயில் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அதைவிடவும் கொஞ்சம் அதிகமாகவே கத்தினார்.

"என்னாத்தா எட்டி எட்டிப் பாக்குற? என் தங்கச்சிதான். ஸ்கூல்ல டீச்சருங்க எல்லாரும் கொடியா நிக்கிறாங்க. எறங்கி வந்து பாரேன்."

ஜன்னலிலிருந்த பெண், "இல்லண்ணே, நல்லாருக்குன்னுதான் சொன்னேன்" என்றாள். அடுத்த ஜன்னலில் இருந்த தலைகள் உள்ளே போயின.

எனக்கு அந்தக் காகிதக் கொடியைக் குத்துவதில் உடன்பாடே இல்லை. காவி வரிசையில் காவி மட்டும்தான் இருக்க வேண்டும். நடுவில் ஒரு துண்டு வெள்ளையும் பச்சையும் தெரிந்தால் என்ன ஆவது? மாடியிலிருந்து அதெல்லாம் தெரியாது, குத்து என்றாள் அத்தை. குனிந்து கொடுத்தாள். கேட் தூக்கியதும் பெரியப்பா எங்களை முன்னால் போகச் சொல்லிக் கையசைத்தார். தண்டவாளத்தைத் தாண்டியதும் அத்தை இன்னொரு தோளை மூடியிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள். காற்றில் அது என் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. என் ரிப்பன் கசங்குகிறது என்று நான் சொன்னேன். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

மற்றது எல்லாம் சட்டென்று நடந்து முடிந்தது. கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். ஆசிரியைகள் மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். நாங்கள் ஓரமாக மரத்தடியில் உட்கார வைக்கப்பட்டோம். மாடியிலிருந்து ஒருவர் கேமராவோடு இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க என்று கத்தினார். எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு ஸ்கேல் கிடைத்தது. முதல் பரிசு, உடம்பு முழுவதும் மூன்று நிறத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு யூகேஜி குழந்தைக்குப் போனது. அதில் எனக்கு இன்றுவரை சம்மதம் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஏற்கெனவே பெருக்கியிருந்த வாசலை மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"கொடி சரியா வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணி. கேட்ல அண்ணன் நின்னாங்க."

துடைப்பம் அம்மாவின் கையிலேயே நின்றது. "என்ன சொன்னாங்க?"

"புதுப் புடவை, பாத்துக் குத்துன்னாங்க."

அம்மா படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு வெயில் அதிகம் என்று நினைத்தேன். அப்பா வயலிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கால் கழுவினார். பிறகு, வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டது என்று எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். அந்த மத்தியானம் அம்மா பாயசம் வைத்தாள். நாட்டின் கொடிக்காக இவ்வளவு கவலைப்பட்டு, அது சரியாக வந்ததற்காக இவ்வளவு நிம்மதி அடைகிற குடும்பம் ஊரில் வேறு இருக்காது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வாரம் அத்தை வெளிர் நீலத்துக்குப் பதில் நல்ல நீலத்தில் போனாள். தீபாவளிக்கு அரக்கு. பெரியப்பா எதையும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கும் அதில் கவனிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

நான் இப்போது கட்டுமானப் பொறியாளர். மட்டமும் உயரமும் பார்ப்பதுதான் வேலை. போன பொங்கலுக்குத் திருவாரூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, கூடத்தில் மாட்டியிருந்த அந்தப் போட்டோவை முதல் முறையாக வேலைக் கண்ணோடு பார்த்தேன். சிறுவயதில் நான் அதில் பார்த்தது ஓட்டை இருக்கிறதா என்பதை மட்டும்தான். இப்போது பார்த்தால், உயர வரிசையே சரியில்லை. நடு வரிசையில், எந்த அலங்காரமும் இல்லாத வெள்ளைப் புடவையில் நிற்கும் தமிழ் மிஸ், அத்தைக்குக் கொஞ்சமும் குறைந்த உயரம் இல்லை. கடைசி வரிசையில் அத்தைக்குப் பக்கத்தில் நிற்பவர் எல்கேஜி மிஸ். அவருடைய நெற்றியும் கொஞ்சம் காவியும் மட்டும்தான் தெரிகின்றன. அந்தப் பக்கம் நிற்பவரும் அப்படித்தான். யாரும் உயரப்படி நிற்கவில்லை. உயரப்படி நின்றது ஒரே ஒருவர்.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அன்னைக்கே தெரியும்," என்றாள், காபியை ஆற்றிக்கொண்டே. "பக்கத்துல நின்னவங்க என் தோளுக்குத்தான் வந்தாங்க."

"தமிழ் மிஸ்கிட்ட கேட்டீங்களா?"

"எதுக்கு? அவங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீதான் பாவம், அழிப்பான வச்சிக்கிட்டு ஊரெல்லாம் நிரூபிச்சிக்கிட்டு இருந்த."

இப்போதைய நிலவரம் இது. அத்தை திருவாரூரில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். தமிழ் மிஸ்ஸோடு வாரம் ஒருமுறை போனில் பேசுகிறாள். பாதி நேரம் புடவைதான் பேச்சு. பெரியப்பா இன்னமும் கூட்டுறவுச் சங்கத்தில் கொடி ஏற்றுகிறார். அத்தையின் பீரோவில் எல்லா நிறமும் இருக்கிறது. நடுவில் ஒரு சந்தன நிறப் புடவையும் இருந்தது. இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அது மட்டும் உண்மையிலேயே பிடிக்கும் என்றாள்.

சாம்பல் நிறக் கைக்குட்டையைப் பற்றி நான் கேட்கவில்லை.